தையல் மெஷின் மட்டும் போதுமா?

குடும்பத் தலைவனை இழந்த ஒரு சகோதரிக்கு என்ன உதவி செய்யலாம் என்று ஊரில் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் முதலில் வரும் யோசனை, "ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுப்போம்" என்பதுதான். ஸகாத் நிதியிலிருந்தும், வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களின் நன்கொடையிலிருந்தும் இப்படி மெஷின்கள் வழங்கப்படுகின்றன. நல்ல எண்ணம். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தால் என்ன காண்கிறோம்? சில வீடுகளில் மெஷின் ஓடுகிறது. வேறு சில வீடுகளில் அது பிள்ளைகள் பாடப் புத்தகம் வைக்கும் மேசையாகி விடுகிறது. காரணம் கேட்டால், "தைக்கத் தெரியும் மௌலவி. துணியில கத்தரிக்கோல் வைக்கத்தான் பயமா இருக்கு" என்பார்கள்.

இந்தப் பயத்தைப் போக்க அதிகப் பணம் தேவையில்லை. கொஞ்சம் பிரவுன் பேப்பரும், ஊரில் ஓர் அறையும், பகிர்ந்து கொள்ளும் மனமும் இருந்தால் போதும். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

தைப்பது ஒன்று, வெட்டுவது வேறு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் புறங்களில் தைக்கத் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. 1978 இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது முதல் ஆடைத் தொழிற்சாலைகள் கிராமத்துப் பெண்களை அழைத்துக் கொண்டன. 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அந்த வேலையைக் கிராமப் புறங்களுக்கே கொண்டு வந்தது. றப்பர் பால் வெட்டும் குடும்பங்களிலிருந்தும், கொழுந்து பறிக்கும் குடும்பங்களிலிருந்தும், தோட்டங்களை அடுத்துள்ள கிராமங்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் 'காமன்ட்' வேலைக்குப் போனார்கள். திருமணத்தின் பின் பலர் ஊருக்குத் திரும்பினார்கள்.

திரும்பி வந்தவர்களின் கைவேகத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆனால் அவர்கள் கற்று வந்தது ஒரு சட்டையின் ஒரு பகுதியை மட்டுமே. தொழிற்சாலையில் ஒருத்தி கொலர் மட்டும் தைப்பாள். அடுத்தவள் கையை மட்டும் பொருத்துவாள். மூன்றாமவள் பொத்தான் துளை போடுவாள். துணி வெட்டும் பகுதி தனியானது. அங்கே அளவுத்தாள்களைத் துணியின் மேல் பரப்பி, பல அடுக்குகளாக ஒன்றாய் வெட்டி, துண்டுகளைக் கட்டாகக் கட்டித் தையல் வரிசைக்கு அனுப்புவார்கள். மெஷினில் இருக்கும் பெண்ணின் கைக்கு வருவது ஏற்கனவே வெட்டிய துண்டு. பத்து வருடம் உழைத்தவளும் ஒரு முழுத் துணியைத் தன் கையால் வெட்டாமலே வீடு திரும்பியிருக்கலாம்.

அவளுக்கு மெஷின் மட்டும் கொடுப்பது பாதி உதவியே. மற்றப் பாதி, தையற்காரர்கள் 'பெட்டர்ன்' என்று சொல்லும் வெட்டுத்தாள். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப் பட்டி என்று ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் அளவோடு தாளில் வரைந்து வெட்டி வைத்திருப்பதுதான் அது. துணியின் மேல் வைத்து, சோக்கால் சுற்றிக் கோடு போட்டு வெட்ட வேண்டியதுதான் மிச்சம்.

தாளில் அடங்கிய அறிவு

இது பெரிய இரகசியம் போலக் காக்கப்பட்ட காலமும் உண்டு. மேலை நாடுகளில் தையல் மெஷின் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். ஐசக் சிங்கர் தமது மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851 இல். நமது நாட்டுக்கு சிங்கர் நிறுவனம் வந்தது 1877 இல். அந்த மெஷினை வாங்கிய பெண்களுக்கும் நம் சகோதரிகளின் சங்கடமே இருந்தது. கடைகளிலும் சஞ்சிகைகளிலும் கிடைத்த வெட்டுத்தாள்கள் ஒரே அளவில் இருந்தன. அதைத் தன் பிள்ளையின் உடம்புக்குப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ தெரிந்தவளுக்கே அது பயன்பட்டது.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் எபெனேசர் பட்டரிக் என்ற தையற்காரரும் அவருடைய மனைவி எலனும் இதற்கு வழி கண்டார்கள். ஒரே சட்டைக்குப் பல அளவுகளில் தாள் வெட்டி 1863 இல் விற்கத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் ஏன்ன புர்டா என்ற பெண்மணி 1950 இல் தொடங்கிய 'புர்டா' சஞ்சிகை, 1952 முதல் வெட்டுத்தாள்களையும் சேர்த்தே கொடுத்தது. ஒரே பெரிய தாளில் பல உடுப்புகளின் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும். தனக்கு வேண்டிய கோட்டை மட்டும் வேறொரு தாளில் படியெடுத்துக் கொள்ள வேண்டும். மூலத்தாளில் கத்தரிக்கோல் படாது. இந்தக் கடைசி விஷயத்தைச் சகோதரிகள் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வெட்டத் தெரிந்த ஒருத்தியின் அறிவு தாளில் இறங்கி விட்டால், அவள் பக்கத்தில் இல்லாமலே நூறு பேர் அதைப் பயன்படுத்தலாம். அவளுக்கும் எதுவும் குறையாது.

ஒரு வெட்டில் போகும் வருடம்

நம் வீடுகளில் இதன் அருமை தெரிவது பாடசாலைச் சீருடை தைக்கும் போதுதான். 1993 முதல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கி வருகிறது. இடையில் சில வருடங்கள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கப்பட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த பின் துணியின் பெரும்பகுதி சீனாவின் அன்பளிப்பாக வந்தது. 2025 ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் அவ்வாறே வந்தது.

இந்தத் துணி வகுப்புக்கு ஏற்ப அளந்து கொடுக்கப்படுவது. வெட்டுவதில் பிழை விட்டால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்க முடியாது. கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அல்லது பிள்ளை போன வருடத்துக் கட்டைச் சட்டையோடு பாடசாலைக்குப் போக வேண்டும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது சின்னக் காரியமல்ல. தையற்காரரிடம் கொடுத்தால் கூலி. மூன்று நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் தவணை தொடங்கும் மாதத்தில் அந்தக் கூலியே ஒரு சுமை.

பிழை எங்கே வருகிறது? மிகச் சாதாரணமான ஓர் உதாரணம் சொல்கிறேன். தையலுக்கென்று ஓரத்தில் அரை அங்குலம் விட வேண்டும். வெட்டுத்தாளில் அந்த அரை அங்குலம் சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்பது எழுதப்பட்டிருக்காது. சேர்ந்திருக்கிறது என்று நினைத்து வெட்டி விடுவாள். சட்டைக்கு இரண்டு பக்கத் தையல். ஒவ்வொரு தையலிலும் முன் துண்டின் ஓரம் ஒன்று, பின் துண்டின் ஓரம் ஒன்று. ஆக நான்கு ஓரம், ஓரத்துக்கு அரை அங்குலம், மொத்தம் இரண்டு அங்குலம். சட்டை பிள்ளையின் உடம்பில் ஏறாது. தாளின் மூலையில் ஒரு வரி எழுதியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய நட்டம் இது.

கை இரண்டையும் ஒரே பக்கமாக வெட்டி விடுவதும், துணியின் நேர் இழைக்குக் குறுக்காகத் தாளை வைத்து விடுவதும், மடிப்பில் வைக்க வேண்டிய துண்டை ஓரத்தில் வைத்து நடுவில் பிளந்து விடுவதும் இப்படித்தான். நல்ல வெட்டுத்தாள் இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லும்.

ஊருக்கு ஒரு வெட்டுத்தாள் அறை

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். தையல் வகுப்பு நடக்கும் நிலையமோ, மத்ரஸாவின் ஓர் அறையோ, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் ஒரு மூலையோ எதுவாயினும் சரி, அங்கே ஊருக்குப் பொதுவான வெட்டுத்தாள்கள் தொங்க வேண்டும். புத்தகசாலையில் புத்தகம் இரவல் எடுப்பது போல அதை எடுத்துப் போய் வெட்டிவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

பெண்கள் ஒன்றுகூடி இத்தகைய காரியம் செய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கனடாவிலிருந்து வந்து இங்கே வாழ்ந்த டாக்டர் மேரி இரட்ணம் 1930 இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களைச் சங்கங்களாகச் சேர்த்தார். தையலும் அங்கே கற்பிக்கப்பட்டவற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் 1985 முதல் ஏழை மாணவர்களுக்கு வழங்கப்பட்டு வரும் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள் தைத்துக் கொடுக்கிறார்கள். துணியைச் சங்கத்தில் வெட்டி, துண்டுகளை உறுப்பினர்களிடம் தைக்கக் கொடுப்பது அங்குள்ள முறை. வெட்டும் பொறுப்பைப் பொதுவாக்கினால் தைக்கும் வேலை பலருக்குப் பிழைப்பாகும் என்பதற்கு அது நல்ல சான்று.

தொடங்குவதற்கு நூறு வகை தேவையில்லை. பெண் பிள்ளைகளின் சீருடைச் சட்டை, ஷல்வார், தலையை மறைக்கும் பர்தா, ஆண் பிள்ளைகளின் சேர்ட், களிசான், கைக்குழந்தைச் சட்டை, உள்பாவாடை, சாரி ஜாக்கெட், அபாயா, தொழுகை உடை. இந்த ஒன்பது பத்து வகையை அளவு அளவாக வைத்தாலே ஒரு கிராமத்தின் தேவையில் பெரும்பகுதி தீரும். ஊரில் நன்றாக வெட்டத் தெரிந்த ஒரு சகோதரியும், பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியையும் சேர்ந்து உட்கார்ந்தால் சில நாட்களில் வரைந்து விடலாம்.

ஒவ்வொரு தாளிலும் இவற்றை எழுத வேண்டும்: உடுப்பின் பெயர், துண்டின் பெயர், மொத்தம் எத்தனை துண்டு, இந்தத் துண்டை எத்தனை தடவை வெட்ட வேண்டும், நேர் இழைக் கோடு, மடிப்பில் வைக்கும் ஓரம், தையலுக்கு விட்ட அளவு சேர்ந்திருக்கிறதா என்பது, எத்தனை அங்குல அகலத் துணிக்கு எத்தனை மீற்றர் வேண்டும் என்பது. 36 அங்குல அகலத் துணிக்கும் 60 அங்குல அகலத் துணிக்கும் தேவைப்படும் நீளம் ஒன்றல்லவே. ஒரே உடுப்பின் துண்டுகளை மூலையில் துளையிட்டு, நூலில் கோத்து ஒன்றாகத் தொங்க விட்டால் கையோ கழுத்துப் பட்டியோ தனியே தொலையாது.

நம் பகுதியின் ஈரத்தையும் மறந்து விடக் கூடாது. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. 2003 இலும் 2017 இலும் வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்குத் தாளை நிலத்தோடு வைப்பதன் விளைவு தெரியும். மடித்துப் பெட்டியில் வைத்தால் மடிப்பில் கிழியும், பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சி தின்னும். சுவருக்குச் சற்றுத் தள்ளி, உயரத்தில் கம்பி கட்டித் தொங்க விடுவதே நல்லது.

மூலத்தாள் ஒருபோதும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அதைக் காட்போட் மட்டையில் வெட்டி வைத்துக் கொண்டு, பழைய பத்திரிகைத் தாளில் எடுத்த படியை மட்டும் இரவல் கொடுக்க வேண்டும். படி கிழிந்தால் இன்னொன்று எடுக்கலாம். கைத்தொலைபேசியில் இறக்கி அச்சடிக்கும் தாள்களும் இன்று கிடைக்கின்றன. அவற்றில் அளவு பார்க்கும் சதுரம் ஒன்று வரையப்பட்டிருக்கும். வெட்டுவதற்கு முன் அந்தச் சதுரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். அச்சில் சுருங்கியிருந்தால் அங்கேயே தெரிந்து விடும்.

அறை திறக்கும் நேரமும் யோசிக்க வேண்டியது. றப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் தொடங்கும் பால்வெட்டு வேலை பகலோடு முடிந்து விடும். தேயிலைத் தோட்டத்தில் மாலை வரை நிற்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை திறந்து வைத்துவிட்டு, "யாரும் வருவதில்லை" என்று சொல்வதில் பொருளில்லை.

வயதை எழுதாதீர்கள்

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தாளில் "பத்து வயது" என்று எழுதாதீர்கள். நெஞ்சுச் சுற்றளவும் தோளிலிருந்து முழங்கால் வரையுள்ள நீளமும் இத்தனை அங்குலம் என்று எழுதுங்கள்.

2016 ஆம் ஆண்டு நடத்தப்பட்ட குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப் புறங்களில் அது ஏறத்தாழ 32 வீதம். போசாக்குக் குறைவின் அடையாளம் இது. நகரத்துப் பிள்ளையை மனதில் வைத்து வரைந்த "பத்து வயது" தாள் தோட்டத்துப் பத்து வயதுப் பிள்ளையின் தோளிலிருந்து வழுகும். அந்தத் தாய் என்ன நினைப்பாள்? தான் பிழையாகத் தைத்து விட்டதாக நினைப்பாள், அல்லது தன் பிள்ளையில்தான் குறை என்று மனம் வாடுவாள். அளவு எழுதிய தாளில் இந்த மனவருத்தம் இல்லை. டேப் பிள்ளையின் வயதைக் கேட்பதில்லை.

இரவலும் ஓர் அமானிதமே

இத்தகைய இரவலுக்கு நமது மார்க்கத்தில் உள்ள இடத்தையும் பார்ப்போம். அல்மாஊன் அத்தியாயம், அன்றாடப் புழக்கப் பொருளைக்கூடப் பிறருக்குக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டித்தே முடிகிறது. சட்டி, வாளி, கோடரி போன்றவை என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்ததாகத் தஃப்ஸீர்கள் கூறுகின்றன. ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஐந்து திர்ஹம் பெறுமதியான ஒரு சட்டை இருந்ததையும், மதீனாவில் மணப்பெண்ணை அலங்கரிக்க வேண்டியிருந்தால் அதை இரவல் கேட்டு ஆள் அனுப்புவார்கள் என்பதையும் ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. ஓர் ஊரின் பெண்கள் ஒரு சட்டையைச் சுற்றி எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே வேளை, இரவலுக்குச் சட்டங்களும் உண்டு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, அனுமதிக்கப்பட்ட உபயோகத்தால் பொருள் தேய்ந்தால் இரவல் எடுத்தவர் மீது பொறுப்பில்லை. வேறு விதமாக அழிந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டும். ஊசி குத்திக் குத்தித் தாளின் ஓரம் பழுதானால் மன்னிப்பு உண்டு. அடுப்படியில் வைத்து எரிந்து போனால் புதிதாக வரைந்து தருவது கடமை. உரிமையாளரின் அனுமதியின்றி இரவல் பொருளை மற்றவருக்கு இரவல் கொடுப்பதும் கூடாது. "பக்கத்து வீட்டு ராத்தா கேட்டா, கொடுத்துட்டேன்" என்பதில்தான் பொதுப் பொருள்கள் காணாமல் போகின்றன. முதலில் அறைக்குத் திரும்பட்டும். அடுத்த லயத்துச் சகோதரி தன் பெயரை எழுதி எடுத்துப் போகட்டும்.

இந்த அறை நமக்கு மட்டும் என்றும் எண்ண வேண்டாம். தோட்டத்து அயலவர்களில் பெரும்பாலோர் பிற சமயத்தவர். அவர்கள் பிள்ளைகளும் அதே சீருடைத் துணியோடுதான் நிற்கிறார்கள். அயலவரின் உரிமையில் சமய வேறுபாடு குறுக்கே வருவதில்லை.

தையற்காரியின் பிழைப்பு

ஒரு நியாயமான கேள்வி எழும். ஊரில் தையலை நம்பி வாழும் சகோதரி, "என் வெட்டுத்தாளை எல்லோருக்கும் கொடுத்து விட்டால் நான் எதைச் சாப்பிடுவது?" என்று கேட்டால் என்ன சொல்வது?

அவளை உலோபி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இரவல் என்பது மனம் விரும்பிக் கொடுப்பது; வற்புறுத்தி வாங்குவதல்ல. அவள் வரைந்து தரும் தாளுக்கும், கற்பிக்கும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள். மெஷின் வாங்கக் காசு திரட்டும் நாம், அதில் ஒரு சிறு பங்கை அவளுக்குக் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்? மேலும் பொது அறையில் வைப்பது சீருடை போன்ற சாதாரண உடுப்புகளின் தாளே. மணப்பெண் உடுப்பும், புதுப் பாணியும், உடம்புக்குக் கச்சிதமாகப் பிடித்துத் தருவதும் அவளுடைய கைத்திறன். அதைத் தாள் கொண்டு போய்விடாது.

கடையில் விற்கும் அச்சிட்ட வெட்டுத்தாள்களின் விஷயம் வேறு. விலைக்கு வாங்கியதை இரவல் கொடுக்கலாம். ஆனால் பல படிகள் எடுத்துப் பரப்புவதும் விற்பதும் அதை உருவாக்கியவரின் உரிமையில் கை வைப்பதாகும். இத்தகைய ஆக்க உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி தீர்மானித்தது. நமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உண்டு. எனவே பொது அறையின் மூலத்தாள்களை நாமே அளந்து, நாமே வரைவதுதான் பேணுதலான வழி.

சகோதரிகளே! அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு தையல் மெஷின் வழங்கும் பேச்சு வந்தால், அதோடு இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: "துணி வெட்ட அவளுக்கு யார் உதவுவது?" வெட்டத் தெரிந்தவர்கள் ஒரு தாள் வரைந்து கொடுங்கள். தெரியாதவர்கள் பிரவுன் பேப்பர் வாங்கிக் கொடுங்கள். எழுத்து அழகானவர்கள் அதில் அளவுகளை எழுதுங்கள். மூலையில் துணி மூடிக் கிடக்கும் மெஷின்கள் ஓடத் தொடங்கினால், அந்த நன்மையில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு, இன்ஷா அல்லாஹ்.